இரண்டாவது விரலில் நகம்

கோயம்புத்தூரில் இறங்கிய முதல் அரைமணி நேரத்துக்குள் மூன்று பேர் என்னை "ஏனுங்க" என்று கூப்பிட்டார்கள். என் பெட்டியைத் தன்னுடையது என்று நினைத்து எடுத்துப் போகப் பார்த்த பெரியவர் ஒருவர், டாக்சிக்காரர் ஒருவர், அந்த டாக்சிக்காரரிடம் என்னைப் பறிகொடுக்கக் கூடாதென்று ஓடிவந்த ஆட்டோக்காரர் ஒருவர். மூவர் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. என் கோபமெல்லாம் நான்காவதாகக் கூப்பிட்டவள் மேல்தான். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். பெயர் சாந்தாமணி. என் உயிர்த்தோழி.

பொறாமை என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் வேறு ஏதோ பெரிய காரணம் போலத் தெரியும்.

நான் பினாங்கில் விலங்கியல் சொல்லிக் கொடுப்பவள். இருபது வருடமாக ஒரே ஒரு வௌவாலோடு குடித்தனம் நடத்துகிறேன். அறிவியல் பெயர் இயோனிக்டெரிஸ் ஸ்பெலேயா. குகையில் தங்கி, இருட்டியதும் கிளம்பிப் போய்ப் பூக்களில் தேன் குடிக்கும். தேன் வௌவால் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் டுரியான் மரங்கள் காய்ப்பதில் பாதிப் புண்ணியம் அதன் நாக்குக்குத்தான் சேரும்.

ஒவ்வோர் உயிரினத்துக்கும் ஒரு பரவல் வரைபடம் உண்டு. எங்கே பார்த்தார்களோ அங்கே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பின்னால் ஓர் ஊர், ஒரு தேதி, பார்த்தவர் பெயர். என் வௌவாலுக்குப் பர்மாவிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை புள்ளி வைக்க இடமே இல்லை. எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாக் குகையிலும் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டார்கள். இருபது வருடத்தில் என் பெயரில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. தென்னிந்தியாவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில உண்டு. கொங்கு நாடு மட்டும் என் வரைபடத்தில் வெள்ளையாகக் கிடந்தது. அந்த வெள்ளையில்தான், பெருந்துறைக்குப் பக்கத்தில், ஒரு பழைய தோட்டத்துக் கிணற்றில் தேன் வௌவாலைப் பார்த்ததாகச் சாந்தாமணி கட்டுரை எழுதியிருந்தாள்.

ஆய்விதழ்க்காரர்கள், இந்த வௌவாலை நன்றாகத் தெரிந்த வெளியாள் ஒருவர் நேரில் பார்த்து ஆமென்று சொன்னால் போடுகிறோம் என்றார்களாம். அவள் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். "உங்களை உட்டா எனக்கு ஆருங்க இருக்காங்க?" என்று ஃபோனில் சொன்னாள். ஆக, அவள் புள்ளி இருக்குமா அழியுமா என்பது என் ஒரு சொல்லில் இருந்தது. கல்லூரியில் விடுப்புக் கடிதத்தில் 'ஆய்வு ஒத்துழைப்பு' என்று எழுதிக் கொடுத்தேன். உண்மையில் அழிக்கத்தான் கிளம்பினேன்.

முதல் நாள் ஸ்கூட்டரில் சரவணம்பட்டி. அங்குள்ள ஒரு கல்லூரியில்தான் அவளுக்கு வேலை. வீடும் பக்கத்திலேயே. கண்ணாடிக் கட்டடங்களிலிருந்து கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக இறங்கினார்கள். அதில் நாலைந்து பேர் வண்டியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பழைய மாணவர்களாம். என்னுடைய பழைய மாணவர்கள் என்னைக் கண்டால் செல்பேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே எனக்கு ஒரு சுற்று வயிறு எரிந்து முடிந்தது.

இருவரும் இதே ஊரில்தான் எம்.எஸ்ஸி. படித்தோம், விடுதியில் ஒரே அறை. அப்போதே அவள் எல்லாரையும் வாங்க போங்க என்பாள். விடுதி வாசலில் படுத்திருக்கும் நாயிடம்கூட "கொஞ்சம் அக்கட்டால போங்க சாமி" என்பாள். என்னை இன்றுவரை ஒருமுறைகூட நீ என்று கூப்பிட்டதில்லை. இவ்வளவு மரியாதையோடு ஒருத்தியிடம் சண்டை பிடிப்பது ரொம்பக் கஷ்டம். அதுவும் அவள் மேல் எனக்குள்ள குறைகளில் ஒன்று.

சாயங்காலம் காந்திபுரத்துக்குக் கூட்டிப்போனாள். துணிக்கடை வெளிச்சமும் டவுன் பஸ் ஹாரனும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் ஒரு மூலையில், தள்ளுவண்டியில் காளான் வறுவல். சுடச்சுடத் தட்டில் போட்டு, வெங்காயமும் மல்லித்தழையும் தூவிக் கொடுத்தார் வண்டிக்காரர். நாலு கரண்டி தின்ற பிறகு, "இதுல காளான் எங்கே?" என்றேன்.

"முக்காவாசி முட்டைக்கோசுதானுங்க," என்றாள் சாந்தாமணி. "எல்லாத்துக்கும் தெரியும். இருந்தாலும் பேரு காளானுங்க."

என் மனம் அந்த நிமிடமே கிணற்றுக்குத் தாவியது. உள்ளே இருப்பது வேறு, பெயர் வேறு. அவள் கிணற்று வௌவாலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்ததும் இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

என் நம்பிக்கைக்கு ஆதாரம் இருந்தது. இந்தப் பக்கத்துக் கிணறுகளில் சாதாரணமாகத் தங்குவது ரூசெட்டஸ் என்ற குகைப் பழ வௌவால். தேன் வௌவாலும் அதுவும் தூரத்தில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். முன்பு தேன் வௌவாலை, நாக்கு நீளமாக இருப்பதால், நாக்கு நீண்ட வேறு சில குட்டி வௌவால்களோடு ஒரே வகையில் சேர்த்து வைத்திருந்தார்கள். பிறகு மரபணுவைப் பார்த்தவர்கள், நாக்கை நம்பாதீர்கள், இதன் சொந்தம் ரூசெட்டஸ் பக்கம்தான் என்று எடுத்து இந்தப் பக்கம் மாற்றினார்கள். ஒரே குகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குவதை நானே பார்த்திருக்கிறேன். பங்காளிகள். பங்காளி என்று வந்துவிட்டால் அடையாளம் காண ஒரு தகராறான இடம் இருக்க வேண்டுமே, அது இரண்டாவது விரல். பழ வௌவாலுக்குக் கட்டைவிரலிலும் அடுத்த விரலிலும் நகம் இருக்கும். தேன் வௌவாலுக்குக் கட்டைவிரலில் மட்டும்தான். இரண்டாவது விரல் மொழுக்கென்று முடிந்துவிடும். வகைப்பாட்டில் எத்தனை மாற்றம் வந்தாலும், கையில் பிடித்தவருக்கு அந்த ஒரு நகம் போதும்.

ராத்திரி இடியாப்பம் மாதிரிச் சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றினாள். நான் போதும் என்று கையை மறைத்தேன். "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க" என்று கைக்கு மேலேயே ஒரு கரண்டி விட்டாள். பினாங்கில் நாசி கண்டார் சோற்றுக்கடையில் தட்டில் விழுந்ததற்குக் காசு, வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். இங்கே வேண்டாம் என்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை. மூன்றாவது தடவை சொன்னபோது எனக்கு எரிச்சலே வந்தது.

இரண்டாம் நாள் அவளுக்கு மத்தியானம்வரை தேர்வு மேற்பார்வை. மூன்று மணிக்குச் சேர்ந்து கிளம்பலாம் என்றாள். நான் சரியென்று தலையாட்டிவிட்டு, அவள் வண்டி தெரு முனை திரும்பியதும், பையை எடுத்துக்கொண்டு காந்திபுரம் பேருந்து நிலையத்துக்குப் போனேன். அவளுக்கு முன்னால் அந்தக் கிணற்றை நான் தனியாகப் பார்த்துவிட வேண்டும். ஏன் என்று கேட்டால் அப்போது எனக்கே தெரியாது. கட்டுரையில் ஊர்ப் பெயர் இருந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். பாலக்காட்டிலிருந்து திருப்பூருக்கு வேலைக்கு வருபவர்கள் போலிருந்தது. என் மலையாளம் பாதிதான். புரிந்தவரைக்கும் இது:

"என் நாத்தனாரைப் பற்றி என்ன சொல்வது! ஒரு குறையாவது கிடைக்குமா என்று ஏழு வருடமாகத் தேடுகிறேன்."

"கிடைக்கவில்லையா?"

"இல்லை. அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது."

எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது.

அந்த யோசனையிலேயே இருந்ததால் நடத்துநர் சொன்னதைக் கவனிக்கவில்லை. நான் ஏறியது ஈரோட்டுக்கு விரைவாகப் போகும் வண்டி. பெருந்துறைக்குள் போகாதாம். "நீங்க ஏறறப்பவே கத்துனனுங்களே அம்மணி, பைபாஸ்லதான் நிக்கும்னு," என்றார் நடத்துநர், தானே தப்புச் செய்தவர் மாதிரி. வெட்டவெளியில், பாலத்துக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். மாசி வெயில். தூரத்தில் தொழிற்பேட்டைப் புகைக்கூண்டுகள். லாரிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. பினாங்கில் தவறான பேருந்தில் ஏறினால் கடற்கரையாவது வரும்.

பாலத்தடியில் ஒரு டீக்கடை. ஊர்ப் பெயரைச் சொல்லி, வௌவால் கிணறு என்றேன். கடைக்காரர் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். "வேலுச்சாமியண்ணன் தோட்டமுங்களா? இருங்க" என்று ஃபோன் போட்டார். டீ ஆறுவதற்குள் ஒரு மொபெட் வந்து நின்றது. பின்னால் பருத்திக்கொட்டை மூட்டை. வெள்ளை வேட்டி, அறுபது வயதிருக்கும். அவர்தான் வேலுச்சாமி, கிணற்றுக்குச் சொந்தக்காரர். மூட்டையை டீக்கடையில் இறக்கி வைத்துவிட்டு அந்த இடத்தில் என்னை ஏற்றிக்கொண்டார். ஏற்றுவதற்கு முன் சாந்தாமணிக்குப் பேசிவிட்டார்.

"டீச்சருங்களா? உங்க சினேகிதி பைபாஸ்ல நின்னுட்டிருந்தாங்க. நாங் கூட்டிட்டுப் போறனுங்க."

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். ஏன் தனியாகப் போனீர்கள் என்று கேட்பாள், என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வேலுச்சாமி திரும்பி, "சாப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க" என்றார். வேறொன்றும் கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கிணறு என்றால் நான் ஏதோ உறை இறக்கிய வட்டக் கிணற்றை நினைத்திருந்தேன். இது ஒரு கட்டடத்தைத் தலைகீழாகப் புதைத்த அளவு இருந்தது. சதுரமாகப் பாறையை வெட்டி இறக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் படிகள். ஆழ்குழாய் போட்ட பிறகு தண்ணீர் எடுப்பதில்லை, அடியில் பச்சையாக ஒரு குட்டை. பாதி ஆழத்தில், பாறை ஒரு வீட்டு அறை அளவுக்கு உள்ளே குடைந்து போயிருந்தது. இங்கே அதைப் பொடவு என்கிறார்கள். அதிலிருந்து கீச்சுக்கீச்சென்று சத்தமும், எனக்கு இருபது வருடப் பழக்கமான அந்த வாடையும் மேலே வந்தன. மேட்டில் நின்று இருநோக்கியால் பார்த்தேன். கரும்பழுப்பாக நூறு முதுகுகள். எந்த விரலும் தெரியவில்லை.

வேலுச்சாமியின் மனைவி செல்லம்மாள் களியும் கொள்ளுப் பருப்பும் வைத்தார். முகத்தில் ஒரு கேள்வி இருந்தது, சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து கேட்டார். "கேரளாவுல காய்ச்சல் வந்துதுங்களே, இதுனால ஒண்ணும் ஆகாதுங்களா?" தொடாமல் இருந்தால், வௌவால் கடித்த பழத்தைத் தின்னாமல் இருந்தால் பயமில்லை, நாங்களே முகமூடியும் கையுறையும் போட்டுத்தான் தொடுவோம் என்றேன். "டீச்சரும் அதேதானுங்க சொன்னாங்க" என்றார். எனக்கு முன்னால் இங்கேயும் அவள் வந்து துண்டு போட்டிருக்கிறாள்.

நாலரை மணிக்குச் சாந்தாமணி வந்தாள், வலைமூட்டையும் வனத்துறை அனுமதிக் கடிதமுமாக. "அலைஞ்சு போட்டீங்களா?" என்றாள் என்னைப் பார்த்து. வேலுச்சாமி உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து அவளுக்கு முதலில் போட்டார். அவள் உட்காரவில்லை. கிணற்று மேட்டில் போய் நின்றாள்.

வலைக்கம்பத்தை நட்டுக்கொண்டிருந்தபோதுதான் சொன்னாள். சொல்ல வேண்டும் என்று சொன்னதல்ல, கம்பம் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும்போது பேச்சுவாக்கில் வந்தது. "எங்கப்பா இந்தக் கெணத்துல தூர் வாரியிருக்காருங்க. பண்ணைக்கு வந்தவரு. அடியில எறங்கிச் சேறு அள்ளலாம், தண்ணி மட்டும் மேல இருந்து வேற ஆளு மோந்து ஊத்துவாங்க, இவரு கையேந்திக் குடிக்கோணும். நான் மொதமொதல்ல வௌவாலு பாக்க எறங்குனப்ப, எந்தப் படியில நின்னு குடிச்சீங்கன்னு அவரைக் கேட்டுட்டு வந்துதானுங்க எறங்குனேன்."

இப்போது அந்தக் கிணற்றின் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயர் அச்சாகப் போகிறது. இதைக் கேட்டு என் மனம் இளகியிருக்க வேண்டும். எழுதவே வெட்கமாக இருக்கிறது: புள்ளிதான் அவளுக்கு என்றால், இப்படி ஒரு கதையும் அவளுக்கேவா என்றுதான் எனக்குத் தோன்றியது.

பொழுது சாய்ந்ததும் பொடவு வாயிலிருந்து ஒவ்வொன்றாக வெளியேறின. ஆறேமுக்கால் வாக்கில் வலையில் முதலாவது விழுந்தது. சாந்தாமணி ஒதுங்கி நின்றாள். "நீங்க பாருங்க," என்றாள். கையுறையோடு பிரித்தெடுத்தேன். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் இறக்கையை விரித்தேன். கட்டைவிரலில் நகம். அடுத்த விரலின் நுனிக்குப் போனேன். அங்கே, குட்டியாக, கூர்மையாக, இன்னொரு நகம்.

என் வாழ்க்கையில் ஒரு நகத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"இருக்கு சாந்தா," என்றேன். குரலை வருத்தமாக வைத்துக்கொள்ள முயன்றேன். "ரூசெட்டஸ்தான்."

அவள் குனிந்து பார்த்தாள். "ஆமாங்க. இருக்குது."

இரண்டாவதும் விழுந்தது. அதிலும் நகம். பொடவிலிருந்து இன்னும் வந்துகொண்டே இருந்தன. அவள் வலையைச் சரிசெய்யப் போனாள். அப்போது நான் சொன்னேன், "போதும் சாந்தா. ரெண்டு பார்த்தாச்சு. பாவம், எதுக்கு அதுகளை வீணா வதைக்கணும்?"

இரண்டைப் பார்த்துவிட்டு நூறைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது என்று முதலாண்டு மாணவர்களுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். சாந்தாமணிக்கும் அது தெரியும். வேலுச்சாமியும் செல்லம்மாளும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரிங்க மகேஸ்," என்றாள். "நீங்க சொன்னாச் சரியாத்தானிருக்கும்." வலையை ஒரு முடிச்சு விழாமல் மடித்து வைத்தாள்.

அன்று தோட்டத்து வீட்டிலேயே தங்கினோம். நான் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் விடிகாலையில் செல்லம்மாள் என்னை எழுப்பினார். சாந்தாமணி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, மயிலு வலையில ஒண்ணு சிக்கியிருக்குதுங்க." இந்தப் பக்கம் மயில் கூட்டம் வந்து தோட்டத்தில் ஒரு தளிர் விடுவதில்லையாம். அதற்காக வாழைக்கும் தக்காளிக்கும் நடுவில் நைலான் வலை கட்டியிருந்தார்கள். முருகன் வாகனம் என்று கும்பிட்டுக்கொண்டே வலையும் கட்டுகிறார்கள். எங்கள் ஊரில் குரங்குக்குச் செய்வதைப் போலத்தான்.

வாழைப்பூ ஒன்று தொங்கிக்கொண்டிருந்த இடத்துக்கு நேராக, வலையில் ஒரு வௌவால். கையுறை மாட்டிக்கொண்டு பக்கத்தில் போனபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இருபது வருடம் பார்த்த முகம். ஒடுங்கிய நீள மூக்கு. மூக்கெல்லாம் மகரந்தம். என்னைப் பார்த்து நாக்கை நீட்டி நீட்டி உள்ளே இழுத்தது. இருந்தாலும் இறக்கையை விரித்தேன். கட்டைவிரலில் நகம். இரண்டாவது விரல் மொழுக்கென்று இருந்தது. இன்னொரு இறக்கையையும் பார்த்தேன். அதிலும் இல்லை. பால் கொடுக்கும் தாய் வௌவால் வேறு. தங்கும் இடம் பக்கத்தில்தான் என்று அதற்கு அர்த்தம்.

பங்காளிகள் இரண்டு பேரும் அந்தக் கிணற்றில்தான் குடியிருக்கிறார்கள். நான் முந்தின நாள் வலையைச் சுருட்டச் சொல்லாமல் இருந்திருந்தால் மூன்றாவதோ நான்காவதோ இதுவாக இருந்திருக்கும்.

"நேத்துப் பாத்ததுதானுங்களா?" என்றார் செல்லம்மாள்.

"ஆமாங்க," என்றேன். "அதேதான்."

வலை நூலைக் கத்தரித்தேன். அது கையை விட்டு எழும்பி, வாழைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, நேராகக் கிணற்றுக்குள் இறங்கியது. செல்லம்மாள் அதைப் பார்த்துச் சிரித்தார். மணி ஐந்து நாற்பது. சாந்தாமணி எழுந்து வந்தபோது நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

பேருந்தில் திரும்பும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஃபோனில் ஏதோ தட்டிக்கொண்டே வந்தாள். வழியெல்லாம் மஞ்சள் காயப்போட்டிருந்த வாசனை. அவிநாசி தாண்டியதும் இளநீர் வாங்கினாள், முதலில் எனக்கு. குடித்தேன்.

சரவணம்பட்டி வீட்டில் அவள் குளிக்கப் போனாள். என் ஊர் மாணவர் ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், கணினியைத் திறந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். "தாராளமாங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். திரையில் படங்கள் திறந்தே கிடந்தன. வௌவால் இறக்கைகள். ஒவ்வொன்றும் இரண்டாவது விரலின் நுனியைக் கிட்டத்தில் வைத்து எடுத்தது. ஒன்று, இரண்டு, பதினொன்று. அத்தனையும் மொழுக்கென்ற நுனி. ஒவ்வொன்றின் கீழும் தேதி, மணி, ஆண் பெண், எடை. கட்டுரையோடு எனக்கு அனுப்பியிருந்த கலங்கலான இரண்டு படங்கள் இல்லை இவை. பிறகு எடுத்தவை.

தலை துவட்டிக்கொண்டு வந்தவளிடம், "இதையெல்லாம் ஏன் எனக்குக் காட்டலை?" என்றேன்.

"நேருல பாக்கப் போறீங்க, படமெதுக்குன்னு உட்டுட்டனுங்க."

"நேத்தாவது சொல்லியிருக்கலாமே! நான் நகம் இருக்குன்னப்போ?"

"அத்தன தூரத்துலிருந்து வந்திருக்கீங்க. தோட்டக்காரங்க நிக்கறாங்க. வந்தவங்க ஒரு வார்த்த சொன்னா, அவங்க முன்னாடியே இல்லீன்னு எப்படீங்க சொல்றது?" துண்டைக் கொடியில் போட்டாள். "அதுமில்லாம, நீங்க இருவது வருசம் பாத்தவங்க. நான் படம் புடிக்கறப்ப நகம் மறைஞ்சிருக்குமோ, மனசு ஆசைப்பட்டதையே கண்ணு பாத்துருச்சோன்னு எனக்கும் சந்தேகம் வந்துருச்சுங்க. அதான் பஸ்ஸுலயே மெயில் போட்டுட்டேன்."

"என்ன மெயில்?"

"கட்டுரையத் திருப்பி எடுத்துக்கறேன்னுங்க."

பதினோரு படம், அத்தனை நாள் உழைப்பு, அப்பா சேறு வாரிய கிணறு. எல்லாவற்றையும், வீட்டுக்கு வந்தவளை மறுத்துப் பேசக் கூடாது என்பதற்காகத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். இப்படி ஒரு முட்டாள்தனத்தை வேறு எந்த ஊரிலும் யாரும் செய்யமாட்டார்கள். அவளைத் திட்ட வாயெடுத்தேன். வந்தது வேறு.

"இன்னிக்கு விடிகாலை ஒண்ணு பார்த்தேன் சாந்தா. மயில் வலையில. நகம் இல்லை. ரெண்டு கையிலயும் இல்லை. செல்லம்மா கேட்டப்போ நேத்துப் பார்த்ததுதான்னு பொய் சொல்லி விட்டுட்டேன். உன்கிட்டயும் சொல்லலை. சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

"ஏனுங்க?" என்றாள். வெறும் கேள்வியாகத்தான் கேட்டாள்.

"பொறாமை," என்றேன்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். கையில் இருந்த சீப்பை வீசியிருக்கலாம். மேசை இழுப்பறையைத் திறந்து களக்குறிப்பேட்டை எடுத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றினாள்.

"எத்தன மணிக்குங்க?"

"அஞ்சு நாப்பது."

"ஆணுங்களா, பொண்ணுங்களா?"

"பெண். பால் கொடுக்குது. மூக்குல வாழை மகரந்தம். கிணத்துக்குள்ளதான் போச்சு."

எல்லாவற்றையும் எழுதினாள். கடைசிக் கட்டம், பார்த்தவர் பெயர். அதில் 'மகேஸ்வரி, பினாங்கு' என்று எழுதினாள்.

"வேண்டாம், உன் பேரைப் போடு," என்றேன்.

"நான் பாக்கலீங்களே. பாத்தது நீங்கதானுங்க." குறிப்பேட்டை மூடினாள். பிறகு கணினிக்கு முன் உட்கார்ந்து, கட்டுரையைத் திருப்பி எடுத்தது தன் தவறு, தயவுசெய்து மறுபடி ஏற்றுக்கொள்ள வேண்டும், நிபுணர் உறுதி செய்துவிட்டார் என்று எழுதினாள். என் தவறு என்று போடு என்றேன். "மெயில் போட்டது நானுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஆக, வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கும் ஒரு பதிவு. அவளுடைய பதினோரு பதிவுகளுக்குக் கீழே பன்னிரண்டாவது. நான் பொய் சொன்ன நிமிடம், மணி சுத்தமாக அதில் இருக்கிறது. அச்சில் வந்தால் என் கல்லூரியில் மாலை போடுவார்கள்.

ராத்திரி அரிசிம்பருப்புச் சோறு வைத்தாள். கொங்கு நாட்டில் இதைத் தின்னாமல் ஊருக்குப் போனால் வந்ததாகவே கணக்கில்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். குழைவாக, பூண்டும் மிளகும் சீரகமுமாக, மேலே ஒரு கரண்டி நெய். அப்படி ஒரு சோற்றை நான் தின்றதில்லை. தட்டைச் சீக்கிரமே காலி செய்துவிட்டேன். பாத்திரத்தில் இன்னும் இருந்தது. இன்னொரு கரண்டி வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே இருந்தது. வேண்டாம் என்று கையை மறைக்கக் கூடாது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன்.

"போதுங்களா?" என்றாள் சாந்தாமணி.

நான் பதில் சொல்வதற்குள் பாத்திரத்தை மூடி உள்ளே எடுத்துப் போனாள்.